எந்தக் கட்சி சார்?

கொடைரோடு ஸ்டேஷன் பெஞ்ச். மதுரை வண்டிக்கு இன்னும் அரை மணி. கையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை. பக்கத்தில் திராட்சைப் பையோடு உட்கார்ந்திருந்த இளைஞர் எட்டிப் பார்த்தார்.

"இது எந்தக் கட்சி பத்திரிகை சார்?"

"கட்சி இல்லே தம்பி, லிபரல்."

"அப்படின்னா, ரெண்டு பக்கமும் தலையாட்டுமா?"

சுருக்கென்றது. மினு மசானி கதையைச் சொன்னேன்.

ராஜாஜியோடு சேர்ந்து 1959-ல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் மசானி. அதற்கு முன்பே, 1952-ல், பம்பாயில் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' என்ற சின்னப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1975-ல் எமர்ஜென்ஸி. அதில் வரவிருந்த 11 விஷயங்களுக்கு சென்ஸார் தடை போட்டது. பெரிய பெரிய பத்திரிகைகளே 'நமக்கேன் வம்பு' என்றிருந்த நேரம். மசானி கோர்ட்டுக்குப் போனார். 1976-ல், எமர்ஜென்ஸி நடக்கும்போதே, பம்பாய் ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சர்க்காரை விமர்சிப்பது குற்றமல்ல. எல்லாரையும் ஒரே பாட்டுப் பாட வைப்பது சென்ஸாரின் வேலையுமல்ல என்று.

"தலையாட்ட மாட்டேன்னு சொல்றவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கறதுதான் தம்பி இவங்க வேலை. அவன் நமக்குப் பிடிக்காதவனா இருந்தாலும்."

"உங்களுக்குப் பிடிக்காததும் இதுல வருமா?"

"போன இதழ்லகூட வந்தது. கோபத்துல மூடி வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் எடுத்து முழுசாப் படிச்சேன்."

திண்டுக்கல் பக்கம் போகிற வண்டி முதலில் வந்தது. பத்திரிகை அவரோடு போய்விட்டது. பதிலுக்கு என் கையில் ஒரு கொத்து திராட்சை.

கொஞ்சம் புளிப்புதான். முழுசாகத் தின்றேன்.