கல்யாணப் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கவனியுங்கள்

வீட்டில் ஒரு சுமாரான கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வேலை தானாக வந்து சேரும். "வெளி ஆளுக்கு எதுக்குப்பா காசு? நீயே எடுத்துரு" என்பார்கள். சிவகாசியில் என் சித்தப்பா அப்படித்தான் சொன்னார். அவர் மகள், என் தங்கச்சிக்குக் கல்யாணம், மண்டபம் விருதுநகரில். கோயில் திருவிழா, குழந்தைகள் என்று நிறைய எடுத்திருக்கிறேன். கல்யாணம் எடுத்ததில்லை.

நண்பர்களிடம் யோசனை கேட்டால் எல்லோரும் லென்ஸ் பற்றியே பேசுகிறார்கள். என் கருத்து வேறு. முதல் முறையாகக் கல்யாணம் எடுப்பவர் செய்ய வேண்டிய ஏற்பாட்டில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் வேலை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். படமே இல்லை என்றால்?

இதைச் சும்மா சொல்லவில்லை. 2011-ல் என் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஸ்டுடியோவில் இருந்து ஆல்பம் மட்டும் வந்தது. மீதிப் படங்களைப் பிறகு சி.டி.யில் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்துக் கேட்டபோது கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது, வேறு காப்பி இல்லை என்று பதில் வந்தது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா தவறிய பிறகுதான் ஆல்பத்தைப் புரட்டினோம். அவர் இரண்டே படங்களில் இருந்தார். ஒன்றில் பாதி முகம் மாலைக்குப் பின்னால். ஓடியாடிப் பந்தி கவனித்த மனிதர் ஆல்பத்துக்குத் தேர்வாகாத படங்களில்தானே அதிகம் இருந்திருப்பார்?

அந்த ஸ்டுடியோக்காரர் கெட்டவர் அல்ல. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பட்டாசு ஆலையில் வேலை நடக்கும் அறைகளைத் தனித்தனியாக, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக. அங்கே உயிர்ப் பிரச்சினை, இங்கே படம்தான். ஆனாலும் யோசனை ஒன்றே. கேமரா, மெமரி கார்டு, லேப்டாப், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மண்டபத்து அறையில் வைத்தால், எத்தனை காப்பி இருந்தாலும் ஒரு திருடனுக்கு ஒரே பைதான்.

மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று சொல்லப்படும் இந்த பேக்கப் விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 2005-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் பிறகு தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்!

இனி கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஜேபெக் படம் ஏறக்குறைய 10 எம்.பி., ரா பைல் 25 முதல் 30 எம்.பி. வரை வரும். இரண்டையும் சேர்த்து 1,500 படம் எடுத்தால் 60 ஜி.பி. ஆகிவிடும். பழைய யு.எஸ்.பி. 2.0 கார்டு ரீடரில் இதைக் காப்பி செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பிடப் போகும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காப்பி முடிந்ததும் இரண்டு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸில் பைல் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவிலும் கடைசியிலுமாகச் சில படங்களைத் திறந்தும் பாருங்கள். அதுவரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது.

நம் போன்றவர்கள் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். அதனால் 256 ஜி.பி. கார்டு ஒன்றைவிட 64 ஜி.பி. கார்டுகள் சிலவற்றையே நான் விரும்புகிறேன். சின்ன கார்டு தொலைந்துபோகும் என்பார்கள். சட்டைப் பைக்குப் பட்டன் எதற்கு இருக்கிறது? தாலி கட்டி முடிந்ததும் கார்டை மாற்றி, அதன் பக்கவாட்டில் உள்ள சின்ன லாக்கைத் தள்ளிவிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். கூட்டத்தில் நின்றுகொண்டு பிடிக்காத படங்களை கேமராவிலேயே அழிப்பதும் வேண்டாம். அவசரத்தில் கை தவறும். அப்படித் தவறினாலும் பயப்பட வேண்டாம். அழித்த படம் உடனே மறைந்துவிடாது. அதன் மேல் வேறு படம் பதியும் வரை பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும். அந்த கார்டில் மேற்கொண்டு எடுக்காமல் வீட்டுக்கு வந்து போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு பேர் எடுப்பதானால் இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் முன்கூட்டியே ஒன்றாக்குங்கள். படம் எடுத்த நேரம் பைலுக்குள்ளேயே பதிவாகும். நேரம் சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் தாலி கட்டிய பிறகு பெண் அழைப்பு நடக்கும்!

கேமரா பக்கம் சொல்ல ஒன்றே ஒன்று. முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போய் மேடை விளக்கில் சில படம் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் அதிகமானால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 1/100 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேமராவின் சின்னத் திரையில் இது கண்ணுக்கே தெரியாது. (சரவெடியோடு ஊர்வலப் படம் வேண்டும் என்றார் சித்தப்பா. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டதை சிவகாசிக்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.)

படங்களைக் கூகுள் போட்டோஸில் ஏற்றிவிடலாமே என்பவர்களுக்கு: அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் இல்லை. இலவசமாகக் கிடைப்பது மொத்தம் 15 ஜி.பி.; அதில் உங்கள் இமெயிலும் அடக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும். அது சொந்தக்காரர்கள் பார்ப்பதற்கு, பாதுகாப்பதற்கு அல்ல.

இவ்வளவு செய்தாலும், முகூர்த்தத்தை ஒரே ஆளாக ஒத்துக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து. தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ரெண்டு செலவாப்பா?" என்று முகம் சுளித்தார். அக்கா பக்கத்திலேயே இருந்ததால் பேச்சு வளரவில்லை. இப்போது முகூர்த்தத்துக்கு ஒரு ஸ்டுடியோக்காரர், மற்றதெல்லாம் நான் என்று முடிவாகியிருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம்: தேர்ந்தெடுத்தது மட்டுமல்ல, எடுத்த அத்தனையையும் அன்று ராத்திரியே எங்களுக்குக் காப்பி செய்து தர வேண்டும். டிஸ்க் எங்களுடையதாக இருந்தால் சரி என்றார். இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஒன்று சித்தப்பா வீட்டுக்கு, இன்னொன்று அக்கா வீட்டு பீரோவுக்கு.