டப்பா மேலே இலை, உள்ளே வெறும் விதை

கோயமுத்தூர் ஹாஸ்டல் அலமாரிகளில் புதுசாக ஒரு குட்டி பாட்டில் குடியேறியிருக்கிறது. மேலே விரல் விரித்த மாதிரி ஒரு பச்சை இலைப் படம், கீழே 'ஹெம்ப் ஃபேஸ் ஆயில்' என்று பெயர். பரு போகும், வறட்சி போகும், விட்டால் அரியர் கூடப் போகும் என்கிற ரேஞ்சுக்கு விளம்பரம் :) முப்பது மில்லிக்குக் கொடுக்கிற காசில் காங்கயத்தில் ஒரு லிட்டர் செக்கு எண்ணெய் வாங்கிவிட்டு, மிச்சத்துக்குப் பரோட்டாவும் சாப்பிடலாம்.

இதைப் பார்த்ததும் ஊர்ப் பெரியவர்கள் "கஞ்சாவை மூஞ்சில பூசறாங்களாமுங்க" என்று அலறுகிறார்கள். 2021 டிசம்பரில் போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' நடத்திய மாநிலம் இது, பயம் இயற்கைதான். ஆனால் அலறத் தேவையில்லை. 1985-ம் வருட என்.டி.பி.எஸ். சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் வராது. விதையை உணவாக விற்கவே 2021-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதி கொடுத்துவிட்டது. விதை எண்ணெயில் போதையும் கிடையாது.

பித்தலாட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. போதை இல்லாதது போலவே, கம்பெனிக்காரன் ஜாடையாகச் சொல்கிற அந்த அதிசய மருந்தும் அதில் கிடையாது! உலகம் முழுக்கப் பேசப்படுகிற சி.பி.டி. என்கிற பொருள் பூவிலும் இலையிலும் உண்டாவது. விதையைப் பிழிந்தால் பேருக்குக்கூட வராது. ஹங்கேரியில் 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் சி.பி.டி.யை மனிதத் தோலின் எண்ணெய்ச் சுரப்பி செல்களில் விட்டுப் பார்த்தார்கள், சுரப்பு குறைந்தது. அது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது, அதுவும் சி.பி.டி.யை வைத்து. விதை எண்ணெய் விற்கிறவர் அதைத் தன் பாட்டிலுக்குச் சர்டிஃபிகேட்டாக ஒட்டிக்கொள்வது பக்கத்து வீட்டுப் பையன் மார்க் ஷீட்டைக் காட்டி வேலை கேட்கிற கதை.

விதை எண்ணெய்க்கென்றே ஒரு ஆய்வு இருக்கிறது. பின்லாந்தில், 2005-ல் வெளியானது. 20 வாரம் நடந்த அதில் எக்ஸிமா உள்ளவர்களுக்கு வறட்சியும் அரிப்பும் குறைந்தன. ஆனால் அவர்கள் எண்ணெயைப் பூசவில்லை, தினமும் குடித்தார்கள்!

சரி, எண்ணெய் மோசமா? இல்லை. பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், தோலுக்கு நல்லதுதான். அதே அமிலம் சூரியகாந்தி எண்ணெயிலும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது, நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது. (தேங்காய் எண்ணெயில் ரொம்பக் குறைவு. பரு உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போவதும் உண்டு. பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.) விதை எண்ணெயில் உள்ள ஒமேகா-3 காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்கடித்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல் ரூமில், ஏப்ரல் வெயிலில், அந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

ஆக, கூடுதல் காசு எண்ணெய்க்குப் போகவில்லை, அந்த இலைப் படத்துக்குப் போகிறது. தடை செய்த சமாச்சாரத்தைத் தொடுகிற கிளுகிளுப்பும் சட்டப்படி சுத்தம் என்கிற தைரியமும் ஒரே பாட்டிலில். மார்க்கெட்டிங் பாடத்தில் இதை 'பொசிஷனிங்' என்று அழகாகச் சொல்லித் தருவார்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணம் உண்டாக்கும் விளம்பரம் பற்றியும் பேசுகிறது, அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்தில் தோன்றி ஆஹா ஓஹோ என்கிறவர்களும் அதில் மாட்டலாம்.

நிஜமாகவே இலைச்சாறு சேர்ந்தது வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி. 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்து உரிமத்தோடு வருகிறது, வைத்தியரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அழகு சாதன பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். 'கன்னாபிஸ் சடைவா சீட் ஆயில்' என்று இருக்கும். 'சீட்' என்றால் விதை. அப்புறம் முன்பக்கம் இலை எதற்கு என்று அந்தக் கம்பெனிக்கே ஒரு மெயில் தட்டிக் கேளுங்கள்.