சாலைக்கான எண் இணையத்துக்கு எதற்கு?

புது வண்டி வாங்கினால் ஷோரூமில் மாலை போட்டு, குடும்பத்தோடு நின்று சாவி வாங்குவதை ஒரு படம். கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறுவதை இன்னொரு படம். அன்றைக்கே இரண்டும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடுகின்றன. பழைய வண்டியை விற்க நினைப்பவர் நான்கு பக்கமும் படமெடுத்து விளம்பரத் தளத்தில் போடுகிறார். வாசலை அடைத்து நிறுத்திய காரைக் கண்டு கொதித்துப்போனவர் அதையும் படமெடுத்துத் தெருக் குழுவில் பகிர்கிறார். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிவது நம்பர் பிளேட். அதை மறைத்துவிட்டுப் பகிருங்கள் என்று சொன்னால், 'ஊரே பார்க்கிற எண்தானே, அதில் மறைக்க என்ன இருக்கிறது?' என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அது ஊர் பார்ப்பதையும் இணையம் வைத்திருப்பதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறது. தன் வண்டியின் எண்ணைக் காட்டுவதும் மறைப்பதும் அவரவர் விருப்பம், அதற்குரிய ஆபத்தும் அவரவருடையது. அடுத்தவர் வண்டியின் எண்ணைப் பொதுவெளியில் பகிர மட்டும் நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வண்டியில் எண் வெளியே தெரிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வந்த 1989ஆம் ஆண்டு விதிகள் எழுத்தின் உயரம், தடிமன், இடைவெளி வரை வரையறுத்திருக்கின்றன. இடித்துவிட்டு ஓடும் வண்டியைப் பிடிக்கவும், திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்கவும், விதி மீறியவரிடம் அபராதம் வாங்கவும் அது தேவை. அதாவது, அந்த எண் ஒரு வேலைக்காக ஓரிடத்தில் காட்டப்படுகிறது. அண்ணா சாலையில் நம்மைக் கடந்துபோகும் வண்டியின் எண்ணை அடுத்த சிக்னலுக்குள் மறந்துவிடுகிறோம். பார்த்தவருக்கு உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இணையத்தில் ஏறிய படம் அப்படி மறந்துபோவதில்லை. நாள், நேரம், இடம், பகிர்ந்தவரின் பெயர், பின்னால் நிற்கும் பிள்ளைகளின் முகம், வீட்டு வாசல் எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தே இருக்கின்றன. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தேடுவதற்கு ஏற்றதாக மாற்றும் மென்பொருள் இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே உண்டு. சாலையில் எண் போகிறபோக்கில் கண்ணில் படுகிறது. இணையத்திலோ வேண்டுமென்று தேடுகிறவரின் கையில் கிடைக்கிறது.

'எண் கிடைத்தால் என்ன, அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதே' என்பது அடுத்த வாதம். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தரவுத்தளம் இப்போது உரிமையாளர் பெயரின் சில எழுத்துகளை மறைத்தே பொதுமக்களுக்குக் காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் இந்தக் கவனம் தாமதமாக வந்தது. 2019இல் அந்த அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை மொத்தமாக விற்க ஒரு கொள்கையே வகுத்தது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், ஆய்வு நோக்கத்துக்குக் கேட்கும் கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம் ரூபாய் என்று விலையும் வைத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தரவுகளை அணுக அனுமதி தரப்பட்டது, அதில் 65 கோடி ரூபாய் வருவாய் வந்தது என்று அதே ஆண்டு ஜூலையில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அந்தரங்கம் குறித்த கவலைகள் எழுந்ததால் 2020 ஜூனில் கொள்கை கைவிடப்பட்டது. கொள்கையை ரத்து செய்யலாம். ஏற்கெனவே கைமாறிய தரவு என்ன ஆனது என்று வண்டி வைத்திருப்பவர் எவராலும் சரிபார்க்க முடியாது. எண்ணிலிருந்து முகவரிக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. அமெரிக்கா இதை ஒரு உயிரைக் கொடுத்துக் கற்றது. 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையைப் பின்தொடர்ந்து வந்த ஒருவன் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறைப் பதிவேட்டிலிருந்து ஒரு தனியார் துப்பறிவாளர் வழியாகவே முகவரி அவனுக்குக் கிடைத்தது. அந்தப் பதிவேடுகளைக் கண்டவரிடம் தரக் கூடாது என்று அந்நாட்டுக் காங்கிரஸ் 1994இல் சட்டம் கொண்டுவந்தது.

முகவரி தெரியாமலேயே செய்யக்கூடிய மோசடியும் ஒன்று உண்டு. ஒரு வண்டியின் எண்ணை அதே மாதிரியான இன்னொரு வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றுவது. பிறகு சிக்னலைத் தாண்டியதற்கும் வேகத்துக்கும் இ-சலான் வருவது உண்மையான உரிமையாளருக்குத்தான். அந்த நேரத்தில் தன் வண்டி அங்கே இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியவரும் அவர்தான். இந்த வேலைக்கு வெறும் எண் போதாது. மாடல், நிறம் எல்லாம் பொருந்த வேண்டும். விற்பனைக்காகப் போடும் படம் அத்தனையையும் ஒரே சட்டகத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயமாகியிருக்கிறதே என்று கேட்கலாம். அதிலுள்ள ஹாலோகிராமும் லேசரால் பொறித்த வரிசை எண்ணும் போலியைக் கண்டறிய உதவுபவைதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவர் வேண்டும். கம்பத்தின் மேலிருக்கும் கேமரா படிப்பது எழுத்தையும் எண்ணையும் மட்டுமே. பழைய வண்டிகள் பலவற்றில் இன்னும் ஸ்டிக்கர் கடையில் எழுதிய பலகைதான் இருக்கிறது. பதிவெண்ணைப் பார்க்காமல் எப்படி வாங்குவது, காப்பீடும் கடனும் நிலுவை அபராதமும் சரிபார்க்க வேண்டாமா என்று வாங்குபவர் கேட்பது சரியே. உண்மையாக வாங்க வருகிறவருக்கு எண்ணைத் தனியே அனுப்பிவிடலாம். விளம்பரத்தைப் பார்க்கிற எல்லாரும் வாங்க வருகிறவர்கள் இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இவையெல்லாம் அல்ல, கோபத்தில் பகிரப்படும் படங்கள். ஒருவழிப் பாதையில் எதிரே வந்தவர், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர், தெருநாயை இடித்துவிட்டுப் போனவர் என்று நம்பர் பிளேட் தெரியும் படத்தைப் போட்டு, 'இவரைக் கண்டுபிடிக்கும் வரை பகிருங்கள்' என்று எழுதுகிறார்கள். தவறு நடந்ததே உண்மையாக இருக்கட்டும். நம் நாட்டில் எண் காட்டுவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை, ஓட்டியவரை அல்ல. வண்டியை விற்றுப் பல மாதம் ஆகியும் பெயர் மாற்றாமல் இருப்பது இங்கே சாதாரணம். வாடகைக் காரை ஓட்டுபவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர். கூட்டத்தின் கோபம் இந்த வேறுபாடுகளுக்காகக் காத்திருப்பதில்லை. 2018 ஜூலையில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் நடந்தது நினைவில் இருக்க வேண்டும். ஹைதராபாத்திலிருந்து காரில் போன நண்பர்கள் வழியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று வதந்தி கிளம்பியது. சிவப்புக் காரில் தப்பிப் போகிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்ஆப் வழியே அவர்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வழிமறித்து அடித்ததில் ஒரு மென்பொருள் பொறியாளர் இறந்தார். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு முதிய பெண்மணியும் அதே வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். இந்த வெறிக்கு எண்கூடத் தேவைப்படவில்லை என்றால், எண்ணையும் படத்தையும் சேர்த்து அனுப்புவது எதில் கொண்டுபோய் விடும் என்று யோசிக்க வேண்டும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு எரிந்தபோது தமிழ்நாட்டுப் பதிவு என்பதைக் காட்டும் முதல் இரண்டு எழுத்துகளே வண்டியைக் கொளுத்தப் போதுமான காரணமாயின. ஒரே பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் சாம்பலாயின.

அப்படியானால் தவறு செய்பவர்களைக் கண்டும் காணாமல் போவதா? இல்லை. படத்தை எண் தெரிய எடுங்கள், மாற்றம் செய்யாத மூலப் படத்தைப் பத்திரமாக வையுங்கள், போலீஸிடம் கொடுங்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை தன் செயலியிலும் சமூக ஊடகப் பக்கத்திலும் படத்தோடு வரும் புகார்களை ஏற்கிறது. சமூக ஊடகம் என்றால் தனிச்செய்தியாக அனுப்புவதே சரி. போலீஸ் அசைய மாட்டார்கள், ஊரறியச் சொன்னால்தான் நடவடிக்கை வரும் என்பார்கள். சில நேரம் அது உண்மையும்கூட. அப்போதும் நிகழ்வைக் காட்டும் படத்தை எண்ணை மறைத்துப் பொதுவில் போட்டு, எண்ணோடு கூடிய படம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினால் அழுத்தம் குறையாது. ஒரு விலக்கை மட்டும் ஏற்கிறேன். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, கடத்தப்பட்ட பிள்ளை போன்ற நேரங்களில் காவல்துறையே எண்ணை வெளியிட்டுத் தேடச் சொல்லும். அதைப் பகிர்வது உதவி. அங்கே யார், எதற்காக என்று பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருக்கிறது.

எத்தனையோ படங்கள் இப்படிப் பகிரப்படுகின்றன, யாருக்கு என்ன ஆயிற்று, வீண் பயம் என்பவர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகாது. ஆனால் இந்த ஆபத்து எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. அடித்துத் துன்புறுத்திய கணவனை விட்டு வேறு ஊருக்கு வந்து வாழும் பெண், சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு வீட்டாருக்குத் தெரியாமல் குடியிருக்கும் இணையர், மணல் கொள்ளை வழக்கில் சாட்சி சொல்லப்போகிறவர், மிரட்டலுக்கு ஆளான செய்தியாளர் ஆகியோரைத் தேடுகிறவர்களுக்கு வண்டி எண் முன்பே தெரியும். தெரியாதது இப்போது அந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான். பிரியாணிக் கடை வாசலையோ அடுக்ககத் திருவிழாவையோ எடுத்த படத்தின் ஓரத்தில் அந்த வண்டி நின்றால் அதுவே போதும். படம் எடுப்பவருக்கு ஓரத்தில் நிற்பது யாருடைய வண்டி என்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதனால்தான் ஆளைப் பார்த்து, சந்தர்ப்பத்தைப் பார்த்து மறைத்தால் போதும் என்ற யோசனை நிற்காது. எல்லா நேரமும் மறைப்பதை வழக்கமாக்கினால் மட்டுமே இவர்களுக்குப் பாதுகாப்பு. நமக்கு ஆகும் செலவு சில நொடி.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் தரவைக் கையாள்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்துக்குள் அரசு நுழைய வேண்டியதில்லை. பொறுப்பை எல்லாம் தனிமனிதர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை என்போரோடு முழுவதும் உடன்படுகிறேன். 2022இல் சென்னை உட்பட பத்து நகரங்களின் தெருக்காட்சியைக் கூகுள் வெளியிட்டபோது முகங்களும் நம்பர் பிளேட்டுகளும் தானாகவே மங்கலாக்கப்பட்டிருந்தன. வீதி வீதியாக எடுத்த படங்களுக்குச் செய்ய முடிந்ததைப் பழைய வண்டி விற்கும் தளங்களும், படம் பகிரும் செயலிகளும், கைப்பேசி நிறுவனங்களும் செய்ய முடியாது என்று சொல்ல இடமில்லை. பகிரும் பொத்தானை அழுத்தும்போதே 'எண்ணை மறைக்கவா?' என்று கேட்கச் செய்வது அவர்களுக்குச் சிறிய வேலை. அவர்களிடம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை நாம் செய்வதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

ஏனென்றால் அரைகுறையாக மறைப்பது மறைக்காததைவிட மோசம். மறைந்துவிட்டது என்ற நம்பிக்கையில் படத்தைத் தைரியமாகப் பரப்புகிறோம். எண்ணைக் கட்டம் கட்டமாகக் கலைப்பதும் லேசாக மங்கலாக்குவதும் போதாது. பலகையில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்பது முன்பே தெரிந்த ஒழுங்கு. ஒவ்வோர் இடத்துக்கும் இருக்கக்கூடியவற்றை வரிசையாகக் கலைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று கணினியால் ஊகிக்க முடியும். ஹைலைட்டர் பேனாவால் கறுப்புப் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியிலிருப்பது தெரிந்துவிடும். சில கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் வெட்டி நீக்கிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்ததும் அதை மீட்க முடிந்ததும் 2023இல் வெளியே வந்தது. அடர்த்தியான ஒரே நிறக் கட்டத்தைப் பலகையின் மேல் வைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்வது எளிய, நம்பத்தக்க வழி. மூலக் கோப்பில் இருக்கும் இடக்குறிப்பும் அதோடு கழன்றுவிடும். பலகையை மறைத்த பிறகு முன்கண்ணாடியையும் ஒரு முறை பார்க்க வேண்டும். உயர் பாதுகாப்புப் பலகையோடு வரும் மூன்றாவது ஸ்டிக்கர் அங்கேதான் இருக்கிறது, அதில் பதிவெண்ணோடு என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்திலேயே அடுக்ககத்தின் பெயர் போட்ட பார்க்கிங் ஸ்டிக்கரும் பெரும்பாலும் ஒட்டியிருக்கும்.