கன்னிமை ஆராயவா கல்லூரி?

கடம்பத்தூரில் இரயிலேறித் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளை எதைக் கற்கவேண்டும்? நோயின் மூலத்தையா, பெண்ணின் கன்னிமையையா?

வன்கொடுமைக்கு ஆளானவளை மீண்டும் வதைக்கும் 'இருவிரல் சோதனை' அறிவியலுக்குப் புறம்பானது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமிருத்தலாகாது என 2022 அக்டோபர் 31-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. தெளிவான தீர்ப்பு! ஆயினும் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் கன்னித்திரையும் கன்னிமையும் மீண்டும் தலைநீட்டின. கண்டனம் கிளம்பியது; செப்டம்பரில் திரும்பப் பெற்றனர். பிழையென உணர்ந்தா, பிடிபட்டோமென்று அஞ்சியா?

ஆடவனின் கற்பை அளக்க ஆணையம் பாடம் வகுத்ததுண்டா? அவனுடலை உடலாகவும், அவளுடலை ஒழுக்கச் சான்றாகவும் காணப் பழக்குவதா மருத்துவம்? முத்துலட்சுமி 1912-இலேயே மருத்துவப் பட்டம் பெற்ற மண்ணில் இதைக் கேட்கவேண்டியிருக்கிறதே!

ஏட்டில் திருத்தினால் போதாது. வகுப்பறையில் இன்று என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதை அரசு நேரில் ஆராயட்டும்.