பொருளியல் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு வவுனியாவில் ஒரு வழிகாட்டல் கூட்டம் வைப்பார்கள். ஒலிவாங்கியைப் பிடிக்கும் பெரியவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார்: "பொருளியல் படிச்சு என்ன செய்யப் போறீங்க? கணக்கியல் படிங்க, பேங்குக்குப் போகலாம். முகாமைத்துவம் படிங்க, என்.ஜி.ஓ.வுக்குப் போகலாம்." பிள்ளைகள் சிரிப்பார்கள், பெற்றோர் தலையாட்டுவார்கள். கடந்த கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து பேசவில்லை. அன்று விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமது இலக்கிய நண்பர்களும் இதில் சளைத்தவர்களல்லர். அவர்களுக்குப் பொருளியல் என்பது முதலாளித்துவத்தின் மந்திரம். அதிலுள்ள கணிதம் அந்த மந்திரத்தின் தாயத்து. இன்னொரு சாரார், வட்டி ஹராம், ஆகவே வட்டியைப் பற்றிய கோட்பாடும் நமக்கு ஆகாது என்கிறார்கள். இப்னு கல்தூன் முகத்திமாவை எழுதியது 1377இல். அந்தப் பெயரைச் சொல்லி மார்தட்டும் நமது மேடைகளில், அதற்குப் பின்னர் வந்த ஒரு பொருளியல் நூலின் பெயரை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நான் கலைப்பிரிவில் படித்துப் பல்கலைக்கழகம் போனவன். சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு ஸலாம் சொல்லியாயிற்று. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டாம். என் வயதினர் பலருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. கேள்வி வளையி, நிரம்பல் வளையி, இரண்டும் வெட்டும் இடத்தில் சமநிலை. இதையே வெவ்வேறு பெயர்களில் படித்தோம். உயர் பொருளியல் கோட்பாடு என்ற பாடம் வந்தபோது, விரிவுரையாளர் பலகையில் ஒரு வகையீட்டுச் சமன்பாட்டை எழுதினார், எங்கள் முகங்களைப் பார்த்தார், அழித்துவிட்டார். "இது பரீட்சைக்கு வராது." அவர்மீது எனக்குக் கோபமில்லை. கணிதம் இல்லாத பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? நோட்ஸை மனனம் செய்து சித்தியடைந்தோம். அந்த இரண்டு கோடுகள்தான் பொருளியல் என்று நம்பிக்கொண்டு ஊர் திரும்பினோம். ஊரில் அந்தக் கோடுகளால் விளங்கிய விடயம் ஒன்றுமில்லை. ஆகவே பொருளியல் பொய் என்று முடிவுகட்டினோம்.

பொய் சொன்னது அரைப்பாடம். முழுப்பாடத்தில் வேறு கதை இருந்தது என்பது எனக்குத் தெரிய நாற்பது வயதாயிற்று.

1954இல் கென்னத் ஆரோவும் ஜெராட் டெப்ரூவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வரக்கூடிய விலைகள் இருக்கின்றனவா என்பது அவர்களது கேள்வி. இருக்கின்றன என்று நிறுவினார்கள். ஆனால் சில நிபந்தனைகளின் பேரில். அவற்றில் ஒன்று, ஒவ்வொரு மனிதனும் சந்தைக்குப் போகாமலே தன் தொடக்கக் கையிருப்பைக் கொண்டு உயிர்வாழக் கூடியவனாக இருக்க வேண்டும் என்பது. இது யதார்த்தமல்ல என்று அவர்களே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நிபந்தனையைத் தளர்த்தி இன்னொரு வடிவத்தையும் தந்தார்கள். அதிலும் ஒவ்வொருவரிடமும் விலைபோகக்கூடிய உழைப்பாவது இருந்தாக வேண்டும்.

அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்றிலிருந்து புறப்பட்ட என் வாப்பாவின் தொடக்கக் கையிருப்பு என்ன? வயல் இல்லை, கடை இல்லை, மாடு இல்லை. புத்தளத்து முகாமில் அவரைப் போலவே உழைப்பை விற்க ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்த தமிழ் மக்களின் கையிருப்பு என்ன? ஒரு கால் போனவரின் உழைப்புக்கு எந்தச் சந்தையில் விலை? எங்கள் முதலாம் வருட நோட்ஸில் இந்த நிபந்தனை இல்லை. கையிருப்பு 'தரப்பட்டுள்ளது' என்ற ஒரு சொல்லோடு அது கடந்து போனது. மனிதனைச் சமநிலையிலிருந்து விலக்கிவைக்கும் வரி, கணிதம் தெரிந்தவன் படிக்கும் பக்கத்தில்தான் இருந்தது. நம்மைப் பற்றிய வரியை நாமே படிக்க வேண்டாம் என்றா அந்தப் பெரியவர் சொல்கிறார்?

கடனுக்கு வருவோம். போர் முடிந்ததும் வன்னிக்கு நுண்கடன்காரர்கள் வந்தார்கள். பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணை வைத்து, வாராவாரம் வசூல். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கட்ட முடியாதவளின் வாசலில் குழுவின் மற்றப் பெண்களே போய் நின்ற நாட்களும் உண்டு. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் சொன்னது. முப்பத்தைந்து வீதம் உச்சவரம்பு என்றால் அதற்கு முன் எவ்வளவு என்று யோசியுங்கள். நமது ஆட்கள் இதைப் பேராசை என்றார்கள், கவிதை எழுதினார்கள். நானும் ஒன்று எழுதினேன், நல்ல கவிதையல்ல.

கோட்பாடு வேறொன்றைக் காட்டுகிறது. கொடுப்பவருக்குத் தெரியாதவற்றை வாங்குபவர் அறிந்திருக்கும் சந்தையில், வட்டியை ஏற்ற ஏற்ற நிதானமான கடனாளி விலகுவார், ஆபத்தானவர் மிஞ்சுவார் என்று ஸ்ரிக்லிட்சும் வைஸும் 1981இல் நிறுவினார்கள். குழுப்பிணை இந்தத் தகவல் இடைவெளியை நிரப்பும் என்று 1990இல் ஸ்ரிக்லிட்ஸே எழுதினார். அயலாள் அயலாளைக் கண்காணிப்பாள் என்பது அதன் தர்க்கம். ஆனால் ஒரே பெண்ணுக்கு நாலு நிறுவனங்கள் கொடுக்கும்போது, ஐந்தாவது கடன் முந்தைய நாலையும் ஆட்டங்காணச் செய்கிறது. அந்த நட்டத்தை ஐந்தாமவர் தன் கணக்கில் எழுதுவதில்லை. பேராசைக்காரரை ஏசுவதோடு நின்றால் அடுத்த நிறுவனம் வேறு பெயரில் வரும். யார் யாரிடம் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்யக் கேட்டிருந்தால் சண்டை வேறு இடத்தில் நடந்திருக்கும். அதைக் கேட்கத் தெரிந்த ஒருவரும் நம் பக்கத்தில் இருக்கவில்லை.

வட்டி ஹராம் என்று ஒதுங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டு இலாபத்தைப் பங்கிடும் முழாரபாவைத்தான் நாம் இலட்சியமாகச் சொல்கிறோம். இஸ்லாமிய நிதி நிறுவனங்களிலோ பெரும்பாலும் நடப்பது, பொருளை வாங்கி இலாபம் வைத்து விற்கும் முராபஹா. ஏன் என்று கேட்டால் ஈமான் குறைந்துவிட்டது என்ற பதில் தயாராக இருக்கிறது. உழைப்பவர் உண்மையில் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு இலாபம் கண்டார் என்பது முதல் போட்டவரின் கண்ணுக்குத் தெரியாது. அந்த மறைவைக் கையாளும் ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது என்பது உயர் கோட்பாட்டின் நடுக்கேள்வி. முழாரபாவை நேசிப்பவர்தான் அந்தக் கணிதத்தை முதலில் படித்திருக்க வேண்டும்.

கோட்பாடு படித்தவர்கள்தானே நாட்டை 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கலாம். நாணய மாற்று வீதம் என்றால் என்ன என்பதை நாம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுதான் படித்தோம். அதை வகுப்பில் படித்திருந்தால் வரிசை குறைந்திருக்காது. யாரிடம் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பிரயோக கணிதம் படிப்பிக்கிறார்கள். கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விவசாயப் பொருளியல் இருக்கிறது. கணிதம் ஒரு பக்கம், பொருளியல் இன்னொரு பக்கம், இடையில் கலைப்பிரிவுப் பிள்ளை. முதலாண்டிலேயே அந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு வருடக் கணிதம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கட்டடம் கேட்கவில்லை.

அதுவரை என் வீட்டு விறாந்தையில் ஞாயிறு காலையில் ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று பேர் முஸ்லிம், இரண்டு பேர் தமிழ். முல்லைத்தீவிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் ஒருத்தி, தன் தாயின் கடன் அட்டைகளைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வருவாள். சென்ற கிழமை பகுதி வகையீடு தொடங்கினோம்.