மிதிவண்டிக் கழகம் தந்த பாடம்

சங்கம் என்பது எதற்காக? விழா நடத்துவதற்கா? சொற்பொழிவு கேட்பதற்கா? ஆண்டுக்கு ஒரு முறை கூடிப் பொங்கல் உண்டு கலைவதற்கா? இந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழக் காரணமாக இருந்தது ஒரு விபத்து. அதைப் பற்றி நம் மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று நண்பர் சிலர் தயங்கினர். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நம் குறையைப் பிறர் சொல்லுமுன் நாமே சொல்லிக்கொள்வது நல்லது அல்லவா?

2024 சனவரி, பொங்கலுக்கு எட்டு நாள் முன்பு. தில்லியின் குளிரும் மூடுபனியும் நீங்கள் அறிந்தவையே. நம் வளாகத்து மிதிவண்டிக் கழகத்தார் ஞாயிறுதோறும் விடியுமுன் புறப்பட்டு இந்தியா கேட் வரை சென்று திரும்புவது வழக்கம். அன்று அந்தக் கூட்டத்தின் கடைசியில் சென்றவன் நம் தமிழ் மாணவன். இரண்டாம் ஆண்டு படிப்பவன். தென்பாண்டிச் சீமையின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். புதிதாகச் சேர்ந்த அசாம் மாணவன் ஒருவனுடைய வண்டியில் சங்கிலி கழன்றுவிட்டது. நம் தம்பி இறங்கி, அதை மாட்டிக்கொடுத்து, அவனை முன்னால் அனுப்பினான். பிறகு தானும் ஏறி மிதித்தான். பின்னால் வந்த கார் ஒன்று அவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமலே போய்விட்டது. வலத் தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்தன.

அவனைத் தூக்கியவர் காய்கறி ஏற்றிவந்த டெம்போக்காரர் ஒருவர். மருத்துவமனை வாயிலில் இறக்கிவிட்டு, பெயரும் சொல்லாமல் போய்விட்டார். போலீசு, வழக்கு, சாட்சி என்று அலைய நேருமோ என்னும் அச்சம் அவருக்கு. அந்த அச்சம் இன்று தேவையற்றது. அடிபட்டவருக்கு உதவுவோரைக் காக்க மத்திய அரசு வகுத்த நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கு இல்லை. பெயரைச் சொல் என்று வற்புறுத்தவும் கூடாது. ஆயினும் சட்டம் வந்த செய்தி டெம்போக்காரரை எட்டவில்லை. படித்த நம்மில் எத்தனை பேரை எட்டியிருக்கிறது?

இனி, கழகத்தார் செய்ததைச் சொல்கிறேன். அசாம் மாணவன் திரும்பிப் பார்த்தபோது பின்னால் விளக்கொளி இல்லை. உடனே குரல் கொடுத்தான். முன்னே போன பதினான்கு பேரும் திரும்பினர். கீழே கிடந்த வண்டியைக் கண்ட தெருக்கூட்டும் பெண்மணி ஒருவர், டெம்போ போன திசையைக் காட்டினார். ஒவ்வோர் உறுப்பினரும் தம் இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், விடுதி அறை எண் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி இருக்கைக்குக் கீழே உள்ள பையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கழகத்தின் விதி. அந்த அட்டை அன்று பேசியது.

அது ஒரு தனியார் மருத்துவமனை. முன்பணம் கட்டினால்தான் கை வைப்போம் என்றார்கள். கழகத்தில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் இருந்தார். அடிபட்டு வந்தவருக்கு முதலில் சிகிச்சை, மற்றவை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்புச் சொல்லியிருப்பதை அமைதியாக எடுத்துச் சொன்னார். கத்தவில்லை; கண்ணாடி உடைக்கவில்லை. முதல் உதவி கிடைத்தது. நண்பகலுக்குள் அவனை அரசு மருத்துவமனைக்கு மாற்றினர். இரத்தம் கொடுக்க ஆறு பேர் வரிசையில் நின்றனர். அவர்களில் ஒருவர்கூடத் தமிழர் அல்லர்.

அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

அன்று மாலை நம் செயற்குழு கூடியது. மேடைத் திரை பற்றிப் பேச்சு. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுவது என்று முடிவு செய்தோம். இடையே ஒருவர் விபத்துச் செய்தியைச் சொன்னார். இன்னொருவர், "அவன் சந்தாவே கட்டவில்லையே" என்றார். மற்றொருவர், "பொங்கல் முடியட்டும், எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம்" என்றார். எவரும் மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதியவன் நான். அவ்வாண்டின் செயலாளன் நான். நானும் மறுக்கவில்லை. உலக மக்கள் யாவரும் உறவினர் என்னும் அடிக்குக் கீழே நின்று வரவேற்புரை ஆற்றினேன். கைதட்டலும் பெற்றேன்.

பதினாறாம் நாள்தான் மருத்துவமனைக்குச் சென்றேன். அறுவைக்கு எட்டு நாள் காத்திருக்க நேர்ந்ததால் அவன் இன்னும் அங்கேதான் இருந்தான். தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் தனியே பயணம் செய்து வந்திருந்த அவன் தாயார் கட்டிலருகே அமர்ந்திருந்தார். ஊரை விட்டு அதுவரை மதுரைக்கு அப்பால் போகாதவர். பீகார் மாணவன் ஒருவன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். தாயார் செய்முறை சொல்ல, மகன் படுத்தபடியே மொழிபெயர்க்க, அவன் விடுதி அறையில் வைத்த ரசம் அது. "புளியைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டான், தம்பி, நாளைக்குச் சரியா வச்சிருவான்" என்றார் அந்த அம்மையார் என்னைப் பார்த்து. அவர் இரவு தங்க இடம் தந்தது பஞ்சாபி மாணவி ஒருவரின் அத்தை வீடு.

தம்பி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தான். "அண்ணா, விழா நன்றாக நடந்ததா? நாடகம் பார்க்க எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது" என்றான். குத்திப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டான். அதனால்தான் என்னால் விடை சொல்ல முடியவில்லை.

கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, மருத்துவர் என்ன சொன்னார், அடுத்து யார் வருவார், எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று எல்லாம் அதில் இருந்தன. இருபது ரூபாய் ஆட்டோக் கட்டணம்கூட விடுபடவில்லை. பணம் கொடுத்தவர் பட்டியலை மட்டும் காணவில்லை. கேட்டேன். "யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் கழகத் தலைவர். அவன் படுத்திருக்கும் படத்தை எடுத்து வாட்ஸப்பில் பரப்பவும் அவர்கள் இடம் தரவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என் நெஞ்சில் தைத்தது. "முதல் வாரத்தில் எல்லோரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். எட்டாம் வாரத்துக்கும் ஆள் வேண்டுமே" என்றார். நெடுந்தூரம் வண்டி மிதிப்பவர்களுக்குத் தெரிந்த உண்மை இது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் ஓட்டம் ஒன்று உண்டு. அதில் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே வலிமை எல்லாம் செலவிட்டவன் ஊர் வந்து சேர்வதில்லை. துன்பத்தில் துணை நிற்பதும் அப்படித்தான். முதல் நாள் பழம் வாங்கிக்கொண்டு ஓடுவது எளிது. ஊன்றுகோலோடு அவன் விடுதிக்குத் திரும்பிய பிறகு, மூன்றாம் மாதத்தில், உடற்பயிற்சி சிகிச்சைக்கு வாரம் இருமுறை அழைத்துப் போக வருபவன் யார்? அங்கேதான் நட்புக்குச் சோதனை.

அவர்கள் அந்தச் சோதனையில் தேறினர். வார்டனைப் பார்த்து, இரண்டாம் மாடி அறையைக் கீழ்த்தள அறையாக மாற்றினர். வகுப்புக் குறிப்புகளை முறைவைத்து எழுதிக் கொடுத்தனர். மோதிய வண்டி இன்னதென்று தெரியாத விபத்தில் கடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும், உயிர் இழந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் ஈட்டுத்தொகை என்பது 2022 ஏப்ரல் முதல் உள்ள விதி. அதற்கான விண்ணப்பத்தையும் அவர்களே எழுதினர். தங்கள் தவறையும் மறைக்கவில்லை. மூடுபனியில் விடியுமுன் புறப்பட்டது பிழை என்று கூட்டத்தில் ஒப்புக்கொண்டனர். இப்போது கதிரவன் எழுந்த பிறகே புறப்படுகின்றனர். பின்னால் சிவப்பு விளக்கும், ஒளிதரும் மேற்சட்டையும் இல்லாதவர் உடன் வர முடியாது. தம்பி அந்த ஆண்டை இழக்கவில்லை. மே மாதம் தேர்வு எழுதினான்.

நம்மைவிட அவர்கள் அன்பு மிகுந்தவர்களா? நான் அப்படி எண்ணவில்லை. நம் செயற்குழுவில் கல்நெஞ்சர் எவரும் இல்லை. வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. மிதிவண்டிக் கூட்டத்தில் கடைசியாக வருபவன் வலிமை குறைந்தவன் அல்லன். வலிமையும் பொறுமையும் உள்ள ஒருவனையே கடைசியில் விடுவார்கள். பழுது பார்க்கும் கருவி அவனிடம் இருக்கும். எவரையும் தனக்குப் பின்னால் விட்டுவிட்டு அவன் வரக்கூடாது. ஞாயிறுதோறும் இதையே செய்து பழகியவர்களுக்கு, கடைசி ஆளே வீழ்ந்தபோது திரும்பிச் செல்வது இயல்பாயிற்று. உடை நழுவும்போது கை தானாக ஓடுவதை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். கைக்கு அது பழக்கம். செயற்குழு கூட்டி முடிவு செய்வதில்லை. நாமோ மேடை போடப் பழகினோம். மேடை நன்றாக வந்தது.

"படிக்க வந்தவர்கள் படிக்கட்டும், இதெல்லாம் வார்டன் கடமை" என்று சிலர் கூறலாம். வார்டனுக்குக் கடமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தி அறியாத தாய் ஒருவர், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழிக்கும்போது, அங்கே தமிழில் ஒரு சொல் பேச ஆள் வேண்டும். அந்த வேலையை இந்த வளாகத்தில் நம்மைத் தவிர வேறு யார் செய்ய முடியும்? பீகாரித் தம்பி ரசம் வைத்தான். தமிழ் பேச அவனால் முடியவில்லையே! நம்மால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்றை நாம் செய்யவில்லை.

2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. இந்த விபத்து கடைசி விபத்தாக இருக்கப் போவதில்லை. ஆகவே சங்கத்தின் முன் சில கருத்துகளை வைக்கிறேன். சந்தா கட்டியவர், கட்டாதவர் என்று பாராமல் வளாகத்துத் தமிழ் மாணவர் அனைவரின் இரத்த வகையும் வீட்டு எண்ணும் கொண்ட பட்டியல் ஒன்று வேண்டும். பொங்கல் விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை இத்தகைய நேரத்துக்கென ஒதுக்க வேண்டும். மாதந்தோறும் இருவர், எந்த நேரத்தில் அழைத்தாலும் எழுந்து வரும் பொறுப்பை ஏற்க வேண்டும். அவர்களில் ஒருவராவது இந்தி நன்கு பேசுபவராக இருக்க வேண்டும். விபத்தைக் கண்டால் 112ஐ அழைக்கவும், அஞ்சாமல் உதவவும் புது மாணவர் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும். விபத்தில் காயமுற்றவருக்கு ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்தது. இத்தகைய உதவிகளை அறிந்து வைத்திருப்பதும் சங்கத்தின் வேலையே.

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடையும் இருக்கட்டும், நாடகமும் இருக்கட்டும், பூங்குன்றனார் அடியும் இருக்கட்டும். அந்த அடியைத் திரையில் எழுதும் கை, அதே இரவில் மருத்துவமனைக் கட்டிலருகே மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் பழகட்டும். சென்ற ஞாயிறு மிதிவண்டிக் கழகத்தார் புறப்படுவதைக் கண்டேன். நம் தம்பியும் சென்றான். இன்னும் சற்றே சாய்ந்துதான் மிதிக்கிறான். கடைசி இடத்தைத் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். நம் சங்கத்தில் அந்தக் கடைசி இடத்தைக் கேட்டு வாங்க யார் முன்வருகிறீர்கள்? என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.