வேகம் வேறு, தாமதம் வேறு

சென்ற ஆண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியிருந்த ஒரு மாலையில், எங்கள் தெருவில் வாழும் மாணவர் ஒருவர் கையில் ஒரு விலைப்பட்டியலோடு என்னைக் காண வந்தார். தம் கணிப்பொறிக்குப் புதிய வரைகலை அட்டை வாங்க வேண்டும் என்றும், வெளிநாட்டில் உழைக்கும் தம் தந்தையிடம் அதற்காக நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். இணையவழி விளையாட்டில் தாம் சுடுவதற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். உருவங்கள் நின்று நின்று துள்ளுகின்றன. பொறி பழையதாகிவிட்டது என்பது அவர் வழக்கு. அட்டையின் விலையோ, அவர் தந்தை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் தொகைக்குச் சற்றே குறைவு.

விளையாட்டுக்கா இவ்வளவு என்று பெரியோர் முகம் சுளிப்பர். நானும் முதலில் அவ்வாறே நினைத்தேன். (பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நான் இங்குக் கருதவில்லை, அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமையை அளக்கும் மின்விளையாட்டுகளோ, 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்திற்குரியனவாகவே இடம்பெற்றன.) ஆயினும், பணம் செலவிடலாமா என்னும் வினாவுக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. தாமதம் எங்கே நிகழ்கிறது? இவ்வினாவை விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இதுவே என் மனக்குறை.

முன்னாளில் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கச் சென்றோரின் கடிதங்கள் கப்பலேறி வந்தன. கப்பலின் வயிற்றில் ஒரே ஒரு கடிதம் இருந்தாலும் ஓராயிரம் மூட்டைகள் இருந்தாலும் அது கரை சேரும் நாள் ஒன்றுதான். இணைய நிறுவனங்கள் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் 100 மெகாபிட், 300 மெகாபிட் என்பவை கப்பலின் கொள்ளளவைக் குறிப்பன; பயண நாளைக் குறிப்பன அல்ல. விளையாட்டுக்கு வேண்டுவதோ மூட்டைகள் அல்ல, சின்னஞ்சிறு கடிதங்கள். "இப்பக்கம் திரும்பினேன்", "சுட்டேன்" என்னும் செய்திகள் போய், மறுமொழி வர எத்தனை மில்லி நொடி ஆகிறது என்பதே அங்குக் கணக்கு. அதைத்தான் இளைஞர்கள் "பிங்" என்கின்றனர்.

இக்கணக்கில் இயற்கை விதித்த எல்லை ஒன்று இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் பயன்பாட்டுக்கு வந்த கடலடிக் கம்பிவடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதன் வழியே ஒரு செய்தி போய்த் திரும்புவதற்கு மட்டும் 32 மில்லி நொடி தேவை. நிலத்தின்மீது செல்லும் வழியும் இடையிலுள்ள நிலையங்களும் இன்னும் கூட்டும். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலுள்ள வழங்கியோடு விளையாடினால் நேர்க்கோட்டுக் கணக்கிலேயே 76 மில்லி நொடி ஆகும். கம்பிவடமோ நேர்க்கோட்டில் செல்வதில்லை. எந்த வரைகலை அட்டையும் இந்தத் தொலைவை ஒரு முழம் குறைக்காது. அருகிலுள்ள வழங்கியைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி; அதற்குக் காசு வேண்டியதில்லை.

இத்தாமதத்தோடு அறிஞர்கள் நடத்திய போராட்டம் சுவையானது. 1996-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து இட் சாப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட குவேக் என்னும் விளையாட்டு, ஒரே கட்டடத்துக்குள் பின்னப்பட்ட கணிப்பொறிகளில் நன்றாக ஓடியது. தொலைபேசிக் கம்பிவழி மோடத்தில் ஆடியோர் பட்ட பாடு வேறு. விசையை அழுத்தினால் அச்செய்தி வழங்கிக்குப் போய் மறுமொழி வந்த பிறகே தம் உருவம் ஓரடி நகரும். அவ்வாண்டு டிசம்பரிலேயே அதை உருவாக்கிய ஜான் கார்மாக், குவேக்வோர்ல்ட் என்னும் மாற்றுப் பதிப்பைத் தந்தார். அதில் ஆடுபவரின் கணிப்பொறி மறுமொழிக்குக் காத்திராமல் நகர்வைத் தானே ஊகித்துக் காட்டும். வழங்கியின் விடை வந்தபின் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளும். திரையில் உருவம் திடீரென்று பின்னோக்கி இழுக்கப்படுவதை நாம் காண்கிறோம் அல்லவா? அது பெரும்பாலும் இவ்வாறான ஊகம் பொய்த்த கணம்.

அடுத்த படியை 2001-இல் வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் ஒரு கட்டுரையில் விளக்கினார். சுட்டவர் விசையை அழுத்திய நொடியில் அவர் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ, அந்நிலைக்கு வழங்கி காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. சுட்டவனுக்கு இது நியாயம். சுவருக்குப் பின் ஒளிந்துவிட்டதாகத் தன் திரையில் கண்டவனுக்கோ, சுவரைத் துளைத்து வந்த அநியாயம்! இருவர் கண்ட காட்சியும் மெய்யே. தாமதம் உள்ளவரை ஒருவருக்கு வழங்கும் நீதி மற்றவருக்குச் சிறிது அநீதியாகவே அமையும். தோற்ற மாணவர் பொறியைப் பழிப்பதற்கு முன் இதை அறிந்திருப்பது நலம்.

இனி, வீட்டுக்குள்ளேயே விளையும் தாமதம். என் கருத்தில் நம் இல்லங்களில் மிகுதியும் கவனிக்கப்படாதது இதுவே. எக்ஸ் விண்டோ முறையை ஆக்கியோருள் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010-இல் தம் வீட்டிலிருந்து கோப்புகளை அனுப்பியபோது இணைப்பு முழுவதும் தடுமாறுவதைக் கண்டு ஆராய்ந்தார். செய்திகள் தொலைந்துவிடக்கூடாதே என்னும் நல்லெண்ணத்தில் கருவி செய்வோர் அளவுக்கு மீறிய நினைவகத்தை வைத்திருந்தனர். அதில் செய்திகள் நெடுவரிசையில் தேங்கி, ஒரு நொடிக்கு மேலும் காத்துக் கிடந்தன. அனுப்பும் பொறியோ, ஏதேனும் தொலைந்தால்தான் நெரிசல் என்று உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். எதுவுமே தொலையாததால் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருந்தது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் இதற்குத் தீர்வு கண்டனர். வரிசையின் நீளத்தைப் பாராமல், ஒரு செய்தி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்து நெரிசலைத் தளர்த்தும் முறை அது. அம்முறை அமைந்த ரௌட்டர்கள் இன்று கிடைக்கின்றன. கடையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே வருத்தம். மாடியில் தமக்கையின் கைப்பேசி திருமணப் படங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்க, கீழே தம்பி ஆட்டத்தில் தோற்பதன் காரணம் பல வீடுகளில் இதுதான். இணைய வகுப்பில் ஆசிரியர் குரல் அறுபடுவதும், வெளிநாட்டிலுள்ள தந்தையின் முகம் திரையில் உறைந்து நிற்பதும் இதே நெரிசலால் நேரக்கூடும்; ஆகவே இதை விளையாட்டுப் பிள்ளைகளின் கவலை என்று ஒதுக்க இயலாது.

பொறியின் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நொடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்குள் பொறி வரைந்து முடிக்க வேண்டும். விசிறியில் தூசி அடைந்தால் நுண்செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து ஆடினாலும் இதே கதிதான். தனி வரைகலை அட்டை இல்லாத பொறியில் ஒரே நினைவகத் துண்டுக்குப் பதில் இணையாக இரண்டைப் பொருத்தினால் படங்கள் விரைவதைக் காணலாம். எஸ்.எஸ்.டி. வட்டு விளையாட்டை விரைந்து திறக்கும், பிங்கைத் தொடாது. நிழல்களின் நுட்பத்தைக் குறைத்துக்கொள்வது செலவற்ற மருந்து. "ஒரே சொடுக்கில் வேகம்" என்று விற்கப்படும் மென்பொருள்களுள் பல, நாமே மூடக்கூடிய நிரல்களை மூடுவதற்கு மேல் அதிகம் செய்வதில்லை என்பது என் துணிபு.

அம்மாணவரின் வீட்டுக்கு நான் சென்று பார்த்தேன். பொறி நொடிக்கு 70 படங்களுக்குக் குறையாமல் தந்துகொண்டிருந்தது. கட்டளைச் சாளரத்தில் பிங் என எழுதி, வெளியுலகை விட்டு வீட்டு ரௌட்டரின் முகவரியையே கேட்கச் செய்தோம். பக்கத்து அறையிலிருந்து மறுமொழி வர 3 மில்லி நொடி, அடுத்து 180, பிறகு 5, மீண்டும் 210. ரௌட்டர் முன்னறையில் இரும்புப் பீரோவின் பின்புறம் ஒளிந்திருந்தது. இடையில் இரண்டு சுவர்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை அலைகளும் அதே அலைவரிசையில் நெரிந்தன. சில நூறு ரூபாய்க்குப் பதினைந்து மீட்டர் ஈதர்நெட் கம்பி வாங்கிச் சுவரோரமாக இழுத்தோம். மறுமொழி 1 மில்லி நொடியில் வந்து நின்றது.

அமெரிக்காவில் 2024 முதல் இணைய நிறுவனங்கள் தம் திட்டங்களோடு வேகத்தையும் வழக்கமான தாமதத்தையும் சேர்த்து அச்சிட்ட குறிப்பட்டையைக் காட்ட வேண்டும் என்பது விதி. நம் ஊரிலும் இணைப்புக் கொடுக்க வருபவரிடம் எத்தனை மெகாபிட் என்பதோடு நிறுத்தாமல், மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனை மில்லி நொடி, கோப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்போது அது எத்தனை ஆகும் என்று மாணவர்கள் கேட்க வேண்டும். அந்த மாணவர் அடுத்த வாரமே கேட்டிருக்கிறார். வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டு, அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றாராம்.